ஆறாவது ஆளின் தொப்பி

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசைக்கென்று ஒரு வாடை உண்டு. புளித்த கஞ்சியையும் துருப்பிடித்த ஆணியையும் ஒன்றாக மோந்த மாதிரி இருக்கும். ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் ராத்திரிச் சோறு தின்னும்வரை இறங்காது. திருச்சி பெரிய கடை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருந்தார் என் அத்தா. அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அந்தக் கடைக்குப் போய், பசை வாடைக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். என்னைச் சுற்றி முருகனும் மாரியம்மனும் மேரி மாதாவும் பெரிய பெருமாளும், மாலையும் கழுத்துமாக நிற்கிற கல்யாண ஜோடிகளும், செத்துப்போன தாத்தாக்களும், தேசத் தலைவர்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சட்டத்துக்காகக் காத்திருப்பார்கள்.

அத்தாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடையில் அதற்கு "டச்சிங்" என்று பேர். பழைய அச்சுப் படங்கள் வெயில் பட்டு வெளுத்துப் போயிருக்கும். "கொஞ்சம் டச்சிங் பண்ணிக் குடுத்துடுங்க பாய்" என்று கேட்டால், அணில் முடியில் செய்த மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, அம்மனுக்கு உதட்டுச் சிவப்பு, தலைவருக்கு மீசைக் கறுப்பு, தாத்தாவுக்கு விபூதிப் பட்டை என்று தொட்டுத் தொட்டு வைப்பார். நெற்றியில் திருமண் வைக்கச் சொன்னால், டெய்லர் அரைக்கையா முழுக்கையா என்று கேட்பதுபோல, "பாதம் உண்டுங்களா, இல்லீங்களா?" என்று கேட்டுக்கொள்வார். மூக்கின்மேல் பாதம் இறங்குவது ஒரு வகை, இறங்காதது இன்னொரு வகை. மாற்றி வைத்துவிட்டால் படம் மறுநாளே கடைக்குத் திரும்பி வந்துவிடும். அத்தா ஒரு தடவைகூட மாற்றி வைத்ததில்லை.

இப்படி ஊரார் முகங்களையெல்லாம் சுவரேற்றி அனுப்பிய மனுஷர், எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு முகத்தைக்கூட மாட்டவில்லை. கஃபா படம் ஒன்று, பொன்னிற எழுத்தில் ஒரு குர்ஆன் ஆயத்து, தொழுகை நேரம் போட்ட காலண்டர், அவ்வளவுதான். உருவம் இருக்கிற வீட்டுக்குள் மலக்குமார் வரமாட்டார்கள் என்று அம்மா சொல்வாள். வானவர்கள் தாராளமாக வந்து போகட்டும், எனக்கொன்றும் இல்லை. ஆனாலும் "இவர் எங்க வீட்டுப் பெரியவர்" என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு முகம் வேண்டும் என்று எனக்குள் ஒரு அரிப்பு இருந்தது. அந்த அரிப்பைக் கிளப்பிவிட்டவள் வைதேகி.

வைதேகி ஸ்ரீரங்கத்து உத்திர வீதியிலிருந்து பஸ் பிடித்து எங்கள் பள்ளிக்கு வருவாள். ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சுதான். இடுப்புக்குக் கீழே தொங்குகிற பின்னல், முத்து முத்தான கையெழுத்து, கணக்கில் நூற்றுக்கு நூறு. இதற்கெல்லாம் நான் பொறாமைப்படவில்லை என்று சொன்னால் சத்தியமாகப் பொய். பட்டேன், ஆனால் அவையெல்லாம் சில்லறைப் பொறாமைகள், அன்றன்றைக்குத் தீர்ந்துவிடும். முழுப் பொறாமை, வயிறு காந்துகிற பொறாமை, அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த ஒரு படத்தின்மேல்தான்.

அது உப்பு யாத்திரைப் படம். நம் ஊரிலிருந்து கடற்கரைக்கு உப்பெடுக்க நடந்து போனார்களே, அவர்களை வரைந்து கலரில் அச்சடித்த பெரிய தாள். இடது பக்கம் ஆறு, பின்னால் மலைக்கோட்டை, கரையோரம் கறுப்பாகப் பனைமரங்கள், அதற்கு முன்னால் வெள்ளை உடுத்தி வரிசையாக நடக்கிற பதினொரு பேர். முன்னால் போகிறவர் எல்லோருக்கும் தெரிந்த தலைவர். நான்காவதாகப் போகிற உயரமான மனிதர் வைதேகியின் கொள்ளுத் தாத்தா. அப்படித்தான் அந்த வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அந்த மூக்கைப் பார், அப்படியே எங்காத்து மூக்கு என்று வைதேகியின் அம்மா எனக்குத் தட்டை கொடுத்துக்கொண்டே காட்டினாள். நடந்தவர்கள் நடந்து எத்தனையோ வருஷம் கழித்து, அவர்களை ஒருநாளும் பார்த்திராத யாரோ ஓர் ஓவியர் மனசில் தோன்றியபடி வரைந்த படமாக அது இருக்கலாம் என்கிற யோசனை எங்கள் ஒருவருக்கும் வரவில்லை. பாடப் புத்தகத்தில் அந்த யாத்திரைக்கு அரைப் பக்கம்தான், நாங்கள் படித்ததெல்லாம் படத்திலிருந்துதான். எத்தனை பேர் நடந்தார்கள் என்று பரீட்சையில் கேட்டபோது நான் "பதினொரு பேர்" என்று எழுதினேன், டீச்சரும் டிக் போட்டு மார்க் கொடுத்தார்.

ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் அந்தப் படம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் எங்கள் பள்ளிக்கு வரும். மேடையில் வெள்ளை விரிப்புப் போட்ட மேஜையில் சாய்த்து வைப்பார்கள். கொடியேற்றி முடிந்ததும் மைக்கில், "தியாகியின் கொள்ளுப்பேத்தி வைதேகி மாலை அணிவிப்பார்" என்று சொல்வார்கள். அவள் பின்னல் ஆட ஆட மேடை ஏறுவாள். மொத்தப் பள்ளிக்கூடமும் கை தட்டும். நானும் தட்டுவேன், உள்ளங்கை சிவக்கத் தட்டுவேன், யாரும் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று. அந்த ஒரு வரியை யாராவது எனக்காக மைக்கில் சொன்னால் போதும், அதற்குப் பிறகு கணக்கில் முட்டை வாங்கினாலும் பரவாயில்லை என்றுகூட நேர்ந்திருக்கிறேன்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டிலும் ஒருவர் நடந்திருக்கிறார். அத்தாவின் பாட்டனார். இதை அத்தா சொன்னதில்லை, அவருக்குப் பழங்கதையே ஆகாது. அத்தாவின் அக்கா, எங்கள் குப்பிதான் சொல்வாள். சித்திரை வெயிலில் சிவப்புத் துருக்கித் தொப்பியோடு பாட்டனாரும் வரிசையில் சேர்ந்து நடந்தாராம். முதல் நாளிலேயே காலெல்லாம் கொப்பளம். மறுநாள் விடியும்போது வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது, மனைவிக்கு வலி கண்டுவிட்டதென்று. திரும்பிவிட்டார். "ஒரு நாள் தியாகி" என்று குப்பியே சிரிப்பாள். அவள் தகரப் பெட்டியில் பாச்சை உருண்டைகளுக்கு நடுவே அந்தத் தொப்பி இருந்தது. சாயம் போன சிவப்பு, உச்சியில் ஒரு சின்னத் துளை. தலைக்குக் காற்றுப் போக விட்ட துளை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் சரித்திர டீச்சர், அவரவர் வீட்டில் விடுதலைக்கு யார் என்ன செய்தார்கள் என்று எழுந்து சொல்லச் சொன்னார். நான் எழுந்து எங்கள் பாட்டனாரும் உப்புக்கு நடந்தார் என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "படத்துல எத்தனாவது ஆளு?" என்று கேட்டாள். டீச்சர் கோபமாக எதுவும் சொல்லவில்லை, கொஞ்சம் பரிதாபமாகத்தான் சொன்னார்: "படத்துல அப்படி யாரும் இல்லையேம்மா, உக்காரு." வகுப்பு சிரித்தது. வைதேகி சிரிக்கவில்லை. அவளும் சிரித்துத் தொலைத்திருந்தால் அவளை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த ஜூலைக் கடைசியில் வைதேகியின் அப்பா அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கே வந்தார். பின்னட்டையைச் செல் அரித்துவிட்டது, புதுச் சட்டம் போட வேண்டும். போடுகிறபோதே இன்னொன்றும் கேட்டார். "பாய், எங்க தாத்தாவோட திருமண் மங்கிப் போயிடுத்து. கொஞ்சம் எடுத்துக் குடுங்கோ." அத்தா படத்தின் கண்ணாடியைக் கழற்றித் தாளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நானும் தலையை நீட்டிப் பார்த்தேன். நான்காவது ஆளின் நெற்றியில் தாள் மடிந்த வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது, வேறெதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. அத்தா தாளை மேஜையில் வைத்துவிட்டு, "இருந்த மாதிரிதான் தெரியுதுங்க. பாதம் உண்டுங்களா?" என்றார். உண்டு என்றார் அவர். இரண்டே நிமிஷம், வெள்ளையும் நடுவில் சிவப்புமாகத் திருமண் ஏறிவிட்டது. வைதேகியின் அப்பா கும்பிடுகிற மாதிரி அதைப் பார்த்துவிட்டு, படத்தைச் சட்டத்துக்கு விட்டுவிட்டுப் போனார்.

அவர் தெருத் திரும்பியதும் அத்தாவிடம், அங்கே ஒன்றுமே இல்லையே, ஏன் வைத்தீர்கள் என்று கேட்டேன். "கேக்கறாங்க, வெக்கிறோம். சுவத்துல ஏறிட்டா அதுதாம்மா முகம்" என்று சொல்லிவிட்டு, தொழப் போகிறேன், கடையைப் பார்த்துக்கொள் என்று அசருக்குக் கிளம்பினார்.

அவ்வளவு நேரம் போதும் எனக்கு. அம்மன் புடவைக்குக் கலந்த சிவப்பு ஒரு கொட்டாங்கச்சியில் மிச்சமிருந்தது. ஆறாவது ஆள் வெறுந்தலையோடு, ஆற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பியபடி நடந்துகொண்டிருந்தார். முகம் சரியாகத் தெரியாத ஆளாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். அந்த வயதிலேயே எனக்கு அவ்வளவு விவரம். தலை என் கட்டைவிரல் நகமளவுதான் இருக்கும். அணில் முடி பிரஷ்ஷை எடுத்துக் குப்பியின் பெட்டியில் பார்த்த தொப்பியை அவர் தலையில் வைத்தேன். பிரஷ்ஷில் சாயம் அதிகமாகி, காதுவரை வழிந்தது; விரலால் துடைக்கப் போய் இன்னும் அசிங்கமாகிவிட்டது. தொப்பி ஒரு பக்கம் சரிந்து, குடிகாரன் தொப்பி மாதிரி நின்றது. சந்தில் அத்தாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம்.

இரண்டு நாள் நான் கடைப் பக்கமே போகவில்லை. வயிற்றுவலி என்றேன், தலைவலி என்றேன். அத்தா ஒன்றுமே கேட்கவில்லை. மூன்றாம் நாள் படம் புதுச் சட்டத்தோடு ஸ்ரீரங்கம் போய்விட்டது என்று தெரிந்தது. அவர் கவனிக்கவில்லை, தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆகஸ்ட் பதினைந்தன்று மேடையில் படத்தை வைத்தபோது ஐந்தாவது வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தேன். தூரத்துக்குத் தொப்பி லட்சணமாகவே தெரிந்தது. என் கை அவ்வளவு மோசமில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் மைக்கில் அந்த வருஷமும் ஒரே பேர்தான் வந்தது. தொப்பியை வைத்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அதற்கடுத்த வருஷம், ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் சொல்வதுபோல, "அந்தத் தொப்பிக்காரர்தான் எங்க பாட்டனார்" என்றேன். வைதேகி எழுந்துபோய், எம்பி, கண்ணாடியில் மூக்கு படப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். இத்தனை நாளாகத் தன் கண்ணில் படவே இல்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாள் தலைமையாசிரியையிடம் அவளே போய்ச் சொன்னாள். அந்த ஆகஸ்டில் மைக்கில் இரண்டு பெயர்கள் வந்தன. "தியாகிகளின் கொள்ளுப்பேத்திகள் வைதேகி, ஜமீலா" என்றார்கள். மாலையின் ஒரு நுனியை அவளும் மறு நுனியை நானும் பிடித்துப் போட்டோம். சிரித்த வகுப்பு முழுக்க எழுந்து கை தட்டியது. நான் கீழே தரையைத்தான் பார்த்தேன், படத்தின் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

அன்று சாயங்காலம் கடையில் அத்தா கண்ணாடி அறுத்துக்கொண்டே, தலை நிமிராமல், "மேடைக்குக் கூப்ட்டாங்களா?" என்று கேட்டார். கூப்பிட்டார்கள் என்றேன். "ம்" என்றார். நான் வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. குப்பி எப்படியோ கேள்விப்பட்டுச் சொல்லியிருப்பாள் என்று அதோடு விட்டுவிட்டேன்.

படம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பள்ளியின் விழா மலரில் அதைக் கறுப்பு வெள்ளையில் போட்டார்கள். மலரைப் பார்த்து ஒரு பத்திரிகை, பத்திரிகையைப் பார்த்து நோட்டுப் புத்தக அட்டை, பிறகு தேர்தல் சுவரொட்டி. எங்கள் ஆட்களும் நடந்தார்கள், இதோ பார் தொப்பி என்று ஒரு மேடையில் ஒருவர் அந்தச் சுவரொட்டியைத் தூக்கிக் காட்டி முழங்கியதைக் கூட்டத்தில் நின்று நானே கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்ற பெரியவர் அழுதார். அவர் வீட்டிலும் யாராவது நடந்து, படத்தில் இடம் கிடைக்காமல் போயிருப்பார்கள்.

போன மாதம் மன்னார்புரத்தில் என் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வைதேகியிடமிருந்து போனில் இரண்டு படங்கள் வந்தன. யாரோ பழைய தாள் கடையிலிருந்து அதே அச்சின் வேறொரு பிரதியைக் கண்டெடுத்து, முன்பு யாரோ நெருக்கத்தில் எடுத்து வைத்திருந்த நம் படத்தின் கலர் போட்டோவையும் அதையும் இணையத்தில் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். புதிதாகக் கிடைத்ததில் ஆறாவது ஆளுக்கு வெறுந்தலை. கீழே நூற்றுக்கணக்கில் ஏச்சுப் பேச்சு. ஒட்டவைத்த தொப்பி, திருட்டுச் சரித்திரம், இவர்களில் ஒருத்தர்கூட நடக்கவில்லை என்று ஒரு பக்கம். வெறுந்தலைப் பிரதிதான் பொய், தொப்பியை அழித்துவிட்டார்கள் என்று மறுபக்கம். எனக்குத்தான் தெரியும், முதல் கட்சிக்காரர்கள் தொப்பி விஷயத்தில் சொல்வது முழு உண்மை என்று. வாயைத் திறந்தால் யாருமே நடக்கவில்லை என்பவர்கள் ஜெயித்துவிடுவார்கள். திறக்காவிட்டால் கொப்பளக் காலோடு நிஜமாகவே நடந்த மனுஷர் காலத்துக்கும் என் பொய்க்குள்ளேயே நிற்க வேண்டும். வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு வைதேகியைக் கூப்பிட்டேன்.

"தொப்பி நான் வெச்சதுடி" என்றேன்.

அவள், "அந்தப் பிரதியில நாலாவது ஆளைப் பாத்தியோ? திருமண்ணும் இல்லைடி" என்றாள்.

அது அத்தா வைத்தது, உங்கள் அப்பா கேட்டு வைத்தது என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். அப்படியானால் தன் கொள்ளுத் தாத்தா போனாரா இல்லையா என்று அவள் என்னைக் கேட்டாள், சரித்திர டீச்சர் முன்னால் நின்ற என் குரல் மாதிரியே இருந்தது. போயிருப்பார்டி, எங்கள் பாட்டனாரும்தான் போனார், ஒரு நாள் போனார் என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கு அவள்மேல் பொறாமை துளியும் இல்லை. நாற்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. இதை எழுதிவிடப் போகிறேன் என்றும் சொன்னேன். ஒரு கட்சி கை தட்டும், இன்னொரு கட்சி திட்டும், இரண்டையும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "எழுது. திருமண்ணையும் சேர்த்து எழுது" என்றாள்.

அவர்கள் உத்திர வீதி வீட்டை இடித்து மூன்று மாடி கட்டியாகிவிட்டது; வீடு மாற்றும்போது படம் கை தவறி விழுந்து, தண்ணீர் பட்டு, தாள் கூழாகிப்போனதாம். எங்கள் கடை இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள், நம் முகத்தையே அதில் அச்சடித்தும் தருகிறார்கள். குப்பி போய்ச் சேர்ந்தபின் அவள் தகரப் பெட்டி எந்தப் பேரன் வீட்டுக்குப் போனதென்று தெரியவில்லை. அத்தா போயும் பதினோரு வருஷமாகிறது.

எழுத உட்காரும் முன், குற்றத்தை ஒழுங்காகப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று, வைதேகி அனுப்பிய படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் ஆறாவது ஆளை நேருக்கு நேர் பார்க்கிறேன். தொப்பி சரியவில்லை. காதில் சாயம் இல்லை. நிமிர்ந்து, கச்சிதமாக, தலைக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்திருந்தது. உச்சியில், நான் காற்றுத் துளை என்று நினைத்த அதே இடத்திலிருந்து, பனைமரக் கறுப்போடு கறுப்பாக ஒரு குஞ்சம் புறப்பட்டு வலது காதுக்குப் பின்னால் இறங்கியது. ஒவ்வொரு நூலும் தனித்தனியாக, அணில் முடி பிரஷ்ஷில் மட்டுமே வருகிற மெல்லிசில்.

குப்பியின் பெட்டியில் நான் தொப்பியைப் பார்த்தபோது அதில் குஞ்சம் இல்லை. அது எந்த நிறம், எந்தப் பக்கம் தொங்கும் என்பதெல்லாம் பாட்டனார் தலையிலேயே அதைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அத்தா பார்த்திருக்கிறார். இந்த வயதில் இப்போது எனக்கு அவர்மேல்தான் பொறாமையாக இருக்கிறது.